ராகு காலத்தில் வந்த சம்மன்

எங்கள் வழக்கு பத்து வருஷம் நடந்தது. இதைச் சொன்னால், "பத்துதானா? எங்களது இருபத்திரண்டு" என்று பெருமையோடு சொல்ல மட்டாஞ்சேரியில் யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார். அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பத்து வருஷம் என்பது ஒரு மனிதனின் நடமாட்டம் மொத்தமும் அடங்கிப் போகப் போதுமான காலம். எங்கள் வீட்டில் அடங்கியது அப்பாவின் நடமாட்டம்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், வழக்கே அதற்காகத்தான். எங்கள் வீடு பஜாரிலிருந்து உள்ளே போகிற சந்தோடு ஒட்டி இருக்கவில்லை. சந்துக்கும் வீட்டுக்கும் நடுவில் வேறொருவருடைய காலி மனை. அந்த மனையின் ஓரமாக, இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு, மண் இறுகிப்போன ஒரு பாதை. வீடு அம்மா பேரில் இருந்தது. கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்தது. புதுப்பெண்ணாக அவள் அந்தப் பாதையில்தான் வந்தாள். தெருக்குழாய்க்குத் தினம் நாலு நடை அதில்தான் போனாள். அவள் மகளான நான் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு காலேஜுக்கும் போனது அதில்தான். வீட்டுக்குப் பின்னால் தோடு, அதாவது காயல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஒரு வாய்க்கால். அதன் குறுக்கே ஒரு தென்னந்தடி கிடந்தது. ஆடுகூட அதில் யோசித்துத்தான் கால் வைக்கும்.

அப்பா ஒரு மிளகுக் கிட்டங்கியில் நிறுவைக்காரராக இருந்தார். நான் பத்தாம் வகுப்பு படித்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஒரு வருஷம் எண்ணெயும் தடவலுமாகக் கிடந்து, பிறகு தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தார். சாயங்காலம் நாலு மணிக்குத் தடியை எடுத்தால், பாதை வழியாகச் சந்து முனையில் இருந்த நாணு ஏட்டன் சாயாக்கடைக்குப் போய்ச் சேர அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சுமட்டுக்காரர்களுக்குப் பேப்பர் வாசித்துச் சொல்வார். வாசித்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். மந்திரிசபை முதலில் அந்தப் பெஞ்சில் கவிழ்ந்த பிறகுதான் திருவனந்தபுரத்தில் கவிழும் என்று அம்மா கேலி செய்வாள். வாய் கோணி, பாதி வார்த்தையை விழுங்கிப் பேசுகிற மனிதரை அந்த மூட்டை தூக்கும் ஆட்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். மருந்தைவிட அந்தப் பெஞ்சுதான் அவரைத் தேற்றியது என்று டாக்டரே சொன்னார்.

எழுபதுகளின் நடுவில் அந்தக் காலி மனையைச் சுக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு முதலாளி வாங்கினார். வாங்கின ஆறாம் மாதம் கோர்ட்டில் பிராது கொடுத்தார். என் மனையில் யாருக்கும் வழி கிடையாது, அந்த வீட்டுக்காரிக்குப் பின்பக்கம் வழி இருக்கிறது, என் நிலத்தில் அவள் கால் வைக்காமல் தடை போட வேண்டும் என்று கேட்டிருந்தார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிவிப்பதற்குத்தான் சம்மன் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒருவர்மேல் வழக்கு வந்தால், இன்ன தேதிக்கு வந்து உன் பக்கத்தைச் சொல் என்று கோர்ட்டு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கேட்காமல் தீர்ப்பு இல்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

சம்மன் ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. கொண்டுவந்தவர் கோர்ட்டு அமீனா. கையில் குடை, அக்குளில் தோல்பை.

"சேச்சி, கோர்ட்டுக் கடலாசு ஒண்ணு இருக்கு. ஒப்புப் போட்டு வாங்கணும்."

"கோர்ட்டுக் கடலாசா? சேட்டா, இப்போ ராகு காலமாக்கும். பன்னெண்டு கழிஞ்சு வாங்க, கண்டிப்பா வாங்கிக்கறேன். வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க, ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க."

எங்கள் வீட்டில் ராகு காலத்தில் உறவுக்காரர் கடுதாசியைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை நல்லது எதுவும் தொடங்கக் கூடாது, கெட்டது எதையும் கையில் வாங்கக் கூடாது. அமீனா உட்கார்ந்தார். சாயா குடித்தார். தொட்டுக்கொள்ள வைத்த முறுக்கையும் தின்றார். கட்டிலில் கிடந்த அப்பாவைப் பார்த்து உச்சுக்கொட்டி, "எல்லாம் சரியாகும் சேட்டா" என்று ஆறுதலும் சொன்னார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போனார். அம்மா பன்னிரண்டு மணிக்குக் கை கால் கழுவி, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

காலேஜிலிருந்து வந்த என்னிடம் அம்மா இதைச் சொன்னாள். "உன் ராகு காலத்துக்குப் பயந்து கோர்ட்டே ஓடிப்போச்சாம்மா?" என்று நான் சிரித்தேன். அப்பா, "முக்கியமான கடலாசுன்னா திரும்ப வரும்" என்றார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். எனக்கு மலையாளமும் தெரியும், இங்கிலீஷும் தெரியும், பஸ் பிடித்துப் போய்க் கோர்ட்டு ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர வாயும் காலும் இருந்தன. போகவில்லை. எல்லார்மேலும் எனக்குக் கோபம் உண்டு. இந்த ஒரு கோபம் முழுக்க என்மேல்தான்.

அமீனா போய் என்ன எழுதினார் என்பதைப் பிறகு நகல் எடுத்துப் பார்த்தேன். மூன்றே வரி. பிரதிவாதி வீட்டில் இருந்தார். விவரம் சொல்லியும் சம்மனை வாங்க மறுத்தார். நகலை வீட்டுக் கதவில் ஒட்டினேன். முதல் வரி உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது பச்சைப் பொய். ஒட்டியிருந்தால் எங்கள் சந்தில் திரிகிற ஆடுகளில் ஒன்றாவது பசையை நக்க வந்திருக்கும். வாங்க மறுத்தால் வாங்கியதாகவே கணக்கு என்பது சட்டம். ஆகவே அம்மா சம்மனை வாங்கிவிட்டாள்! குறித்த தேதியில் கோர்ட்டு வராந்தாவில் டவாலி அவள் பேரை மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நின்றிருப்பாள். பிரதிவாதி வரவில்லை, வாதி சொன்னதை மறுக்க ஆள் இல்லை, தீர்ப்பு. இதற்கு எக்ஸ்பார்ட்டி என்று பெயர். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுச் சொல்கிற தீர்ப்பு.

எங்களுக்கு விஷயம் தெரிந்தது கொத்தனார்கள் வந்தபோதுதான். காலை எட்டு மணிக்கு வந்தார்கள். அம்மா பாதையின் நடுவில் போய் நின்று கத்தினாள். முதலாளியின் கணக்கப்பிள்ளை ஒரு காகிதத்தை நீட்டினார். நான் வாங்கி வாசித்தேன். எங்களைக் கேட்காமலே எழுதின தீர்ப்பு அது. மத்தியானத்துக்குள் சுவர் இடுப்பளவு, சாயங்காலத்துக்குள் ஆளுயரம். நாலு மணிக்கு அப்பா வழக்கம்போலத் தடியை எடுத்தார். நாங்கள் சொல்லிப் பார்த்தோம், அவர் கேட்கவில்லை. வாசல் தாண்டி ஆறேழு அடி நடந்தார். ஈரம் காயாத சுவரைத் தடியால் ஒரு தட்டு தட்டினார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். அம்மா அதையும் செய்தாள். முதலாளி வீட்டுக்குப் போய், "அவருக்கு மட்டுமாவது வழி விடுங்க" என்று கேட்டாள். கோர்ட்டு சொன்ன பிறகு நான் என்ன செய்ய முடியும் என்று அவர் கையை விரித்தாராம். கோர்ட்டைச் சொல்ல வைத்ததே அவர்தான் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது. பிறகுதான் வக்கீலைத் தேடிப் போனோம்.

எங்கள் வக்கீல் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். எல்லாம் கேட்டுவிட்டு, எக்ஸ்பார்ட்டித் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம் என்றார். முப்பது நாளுக்குள் போட வேண்டும், சம்மன் கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நீங்கள் அன்று ஊரில் இல்லை. பாலக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். அப்படி ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிவிடுகிறேன். ஒரே வாய்தாவில் முடியும்."

"நான் எங்கயும் போகலையே. வீட்டுலதான் இருந்தேன். வந்த அமீனாவுக்குச் சாயா போட்டுக் கொடுத்தேன்."

"அதைச் சொன்னால் தோற்றுப் போவீர்கள்."

"சாமி பேரைச் சொல்லிச் சத்தியம் செஞ்சு பொய் எழுதணுமா? அதுக்கு நான் தோட்டுல விழுந்தே போயிட்டு வரேன்."

எனக்கு அன்று அம்மாமேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஊரெல்லாம் பொய் சொல்கிறது, அமீனா அரசாங்கச் சம்பளத்தில் பொய் சொல்கிறார், இவளுக்கு மட்டும் என்ன அரிச்சந்திரன் வேஷம் என்று வழிநெடுக அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் சொன்னபடியேதான் பத்திரம் எழுதப்பட்டது. ராகு காலம், சாயா எல்லாம் சேர்த்து.

அந்த மனு விசாரணைக்கு வர எட்டு மாதம் ஆனது. அம்மா கூண்டில் ஏறினாள். எதிர்க்கட்சி வக்கீல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்றைக்கு வீட்டில் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"கோர்ட்டுக் காகிதம் என்று அமீனா சொன்னாரா?"

"சொன்னார்."

"வாங்கினீர்களா?"

"ராகு காலம் கழிஞ்சு வாங்கறேன்னு சொன்னேன்."

கோர்ட்டு சிரித்தது. வக்கீல்கள் சிரித்தார்கள், குமாஸ்தாக்கள் சிரித்தார்கள், தங்கள் வழக்குக்காகக் காத்திருந்த பாவப்பட்ட ஜனங்களும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வக்காலத்தில் கையெழுத்துப் போட நல்ல நேரம் பார்த்திருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

"அப்படியென்றால் வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கோர்ட்டு பன்னிரண்டு மணிக்கு மேல் உட்கார்ந்தால் போதும், இல்லையா?"

"எப்ப உக்காந்தா என்ன? எப்ப வந்தாலும் வாய்தாதானே தர்றீங்க."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை முன்சீப் சிரிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். அமீனா சாயா குடித்ததை அம்மா சொன்னபோது, அது சம்பந்தமில்லாதது என்று எழுதாமல் விட்டார். கூண்டில் நின்று நாம் என்ன சொல்கிறோம் என்பது பெரிதில்லை என்று அன்று எனக்குப் புரிந்தது. நீதிபதியின் பேனா எதை எழுதுகிறதோ அதுதான் நாம் சொன்னது. பத்து நாள் கழித்து மனுவைத் தள்ளினார்கள். ராகு காலம் என்பது சட்டம் அறிந்த காரணம் அல்ல என்று எழுதியிருந்தது. சட்டம் அறியாது, சரி. ஒரு வீட்டில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுப் போய் மறுத்தாள் என்று எழுதுவதைச் சட்டம் அறியுமா?

மேலே ஒரு கோர்ட்டு இருக்கிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் ஒரே கருணை. கீழே தோற்றவர் மேலே போகலாம். நாங்கள் படகேறி அக்கரைக்குப் போய் அப்பீல் கொடுத்தோம். மேல் கோர்ட்டில் யாரும் கூண்டில் ஏறுவதில்லை. கீழே எழுதின காகிதங்களை வைத்தே பேசுவார்கள். அது ஒன்றரை வருஷம் கிடந்தது. எடுத்த அன்று, அங்கிருந்த வயதான நீதிபதி காகிதங்களைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அமீனாவை ஏன் யாரும் விசாரிக்கவில்லை? ஒரு மணி நேரம் கழித்து வாங்குகிறேன் என்று சொல்வது மறுப்பது ஆகுமா என்று நீதிபதி தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். தீர்ப்பு ரத்தானது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம் இருக்காது. படகில் திரும்பும்போது அம்மா, "உண்மை சொன்னதுக்குப் பலன் பாத்தியா?" என்றாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்லியிருந்தால் இரண்டரை வருஷம் முன்பே இது கிடைத்திருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை.

தீர்ப்புதான் ரத்தானது, சுவர் ரத்தாகவில்லை. வழக்கு முதலிலிருந்து நடக்க வேண்டும் என்று பழைய கோர்ட்டுக்கே திரும்பியது. வழியைத் திறந்துவிடச் சொல்லி எங்கள் பக்கமும் ஒரு வழக்குப் போட்டு, இரண்டையும் சேர்த்து நடத்தினார்கள். வழக்கு முடிகிறவரை சுவரையாவது இடிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டோம். வழக்கு முடியும்வரை இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று உத்தரவு வந்தது. இருந்தது சுவர். அது ஜம்மென்று இருந்தது. நானும் அம்மாவும் இடுப்பில் குடத்தோடு தென்னந்தடியில் நடக்கப் பழகிக்கொண்டோம். நான் ஐலண்டில், அதாவது துறைமுகம் இருக்கிற தீவில், ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தடியைத் தாண்டி வேலைக்குப் போவேன். காயல் ஏறுகிற நேரங்களில் தடி தண்ணீருக்குள் போய்விடும். அப்பா உள்ளே இருந்தார்.

முதல் ஒரு வருஷம் சுமட்டுக்காரர்கள் தடி தாண்டி வந்து அவரைப் பார்த்தார்கள். பேப்பரும் கொண்டுவந்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தார்கள். அப்புறம் ஓணத்துக்கு ஒரு தடவை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாளெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு வழுக்குகிற தடியில் யார் வருவார்கள்? அப்பா தனியாகவே பேப்பர் வாசித்தார். உரக்க வாசிப்பது மெல்ல முனகலாகி, ஒருநாள் அதுவும் நின்றது.

கோர்ட்டு நாள் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்தரைக்கே போய் வராந்தாவில் நிற்க வேண்டும். பதினொன்றுக்கு நீதிபதி வருவார், எல்லாரும் எழுந்திருப்பார்கள். பிறகு பெஞ்சு கிளார்க் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நம்பர் வாசிப்பார். நம் நம்பர் வந்ததும் நம் வக்கீல் எழுந்து ஏதோ சொல்வார், எதிர்க்கட்சி வக்கீல் ஏதோ சொல்வார், கிளார்க் ஒரு தேதி எழுதுவார். வீட்டுக்குப் போகலாம். எதிர்க்கட்சி வக்கீலுக்குக் காய்ச்சல், எங்கள் வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை, கட்டு மேஜைக்கு வரவில்லை, முன்சீப் மாற்றலாகிப் போனார், புது முன்சீப் இன்னும் படிக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதற்கு அந்தக் கிளார்க்கின் முகத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். மலையாளத்தில் வாய்தாவுக்கு அவதி என்று பேர். தமிழ் தெரிந்த எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆபீசில் நான் எடுத்த லீவெல்லாம் அவதிக்குத்தான் போயிற்று.

சாட்சி விசாரணை வரை வந்துவிட்டோம் என்றபோது ஐந்து முன்சீப்புகள் மாறியிருந்தார்கள். இத்தனை வருஷமாக அந்தப் பாதையில் நடந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். "நான் சொல்றேன், நாலு நடை தண்ணி எடுத்தவ நான்தானே" என்றாள் அம்மா. வீட்டோடு இருக்கிற பெண்ணுக்கு வழியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார்கள், தினமும் வேலைக்குப் போய் வந்த ஆம்பளை சொன்னால்தான் எடுபடும் என்றார் வக்கீல். குடம் சுமந்து சுமந்து அவள் இடுப்பில் தழும்பே இருக்கிறது. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள எந்தச் சட்டத்திலும் இடமில்லை போலிருக்கிறது. அப்பாவை அழைத்துவர வேண்டும் என்றார். நடக்க முடியாதவரை, கோர்ட்டு ஒரு வக்கீலை அனுப்பி வீட்டிலேயே கமிஷன் வைத்து விசாரிக்கலாமே என்று நான் கேட்டேன். அதற்குள் எனக்கும் அந்தப் பாஷை வந்துவிட்டிருந்தது. "கமிஷன் காகிதத்தில்தான் எழுதும். முன்சீப் இவரைக் கண்ணால் பார்க்கட்டும். பார்த்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி" என்றார்.

வெளியே போக வழியில்லை என்று சாட்சி சொல்ல அப்பா வெளியே போக வேண்டும்! அம்மா பழைய சுமட்டுக்காரர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாள். அன்று காலையே அப்பா சவரம் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. ஐந்து வருஷத்துக்குப் பிறகு வெளியே போகிறார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "மொதல்ல கோர்ட்டு. முடிஞ்சதும் நேரே சாயாக்கடை" என்று எங்களுக்கு உத்தரவு போட்டார். நாற்காலியில் உட்கார வைத்துக் கயிற்றால் கட்டி, இரண்டு பேரும் தோட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கினார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் சேற்றில் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து அப்பாவின் வேட்டி முட்டி வரை சாக்கடைத் தண்ணீரில் நனைந்தது. பரவாயில்லை, போலாம் என்றார். டாக்ஸியில் ஏற்றிக் கோர்ட்டுக்குப் போய், வராந்தாவில் அதே நாற்காலியில் உட்கார வைத்தோம். ஈர வேட்டியின் நாற்றத்துக்கு ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

பதினொரு மணி ஆனது. யாரும் வரவில்லை. பதினொன்றரைக்குப் பெஞ்சு கிளார்க் வெளியே வந்து, முன்சீப் இன்று லீவு என்று சொல்லிவிட்டுத் தேதிகளை வாசிக்க ஆரம்பித்தார். எங்களுக்கு இரண்டு மாதம் தள்ளி.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். இந்த மனுஷனை எப்படிக் கொண்டுவந்தோம் தெரியுமா, நேற்றே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த மலையாளம் போதாமல் தமிழிலும் திட்டினேன். "இங்கே பேசக் கூடாது, உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்" என்றார் அவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வக்கீல் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் திரும்பியபோது அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். கோணின வாயிலிருந்து எச்சில் வடிந்து வெள்ளைச் சட்டையில் விழுந்திருந்தது. அந்த ஒரு நாளுக்காக அந்தக் கட்டடத்தில் இருந்த ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

திரும்பி வரும்போது டாக்ஸி சாயாக்கடையைத் தாண்டியது. நிறுத்தட்டுமா என்று அம்மா கேட்டாள். "வீட்டுக்குப் போ" என்றார். அன்று மறுபடியும் தோட்டைத் தாண்டித் தூக்கிவந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் வீட்டுக்கே கமிஷன் வந்தது. கோர்ட்டு நியமித்த ஒரு சின்ன வயது வக்கீல், பாண்டை மடித்துவிட்டுக்கொண்டு தடியைத் தாண்டி வந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். அப்பா எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். அதன் பிறகு எட்டு மாதத்தில் தீர்ப்பு. ஜெயித்தோம். இத்தனை வருஷம் தடையில்லாமல் நடந்த வழி இவர்களுக்கு உரியது, சுவரை எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. முதலாளி அப்பீல் போனார், தடை உத்தரவு வாங்கினார். மேலே போகிற கருணை அவருக்கும் உண்டே. அங்கேயும் ஜெயித்தோம். ஜெயித்தால் சுவர் விழுந்துவிடும் என்று நினைத்தேன். தீர்ப்பு தானாக எதையும் செய்யாது, நிறைவேற்றித் தாருங்கள் என்று தனியாக ஒரு மனுப் போட வேண்டும், அதற்கும் ஒரு நம்பர், அதற்கும் அவதிகள். ஜெயித்ததற்கு அப்புறமும் ஒன்றேகால் வருஷம்.

எண்பதுகளின் நடுவில், ஒரு காலையில் வேறொரு அமீனா கடப்பாரைக்காரர்களோடு வந்தார். பதினொரு மணிக்குள் சுவர் தரைமட்டமாகிவிட்டது. கட்ட ஒரு நாள் பிடித்ததை இடிக்க மூன்று மணி நேரம் போதுமாக இருந்தது. அம்மா செங்கல் தூளை மிதித்துக்கொண்டு அந்தப் பாதையில் சந்து வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். பிறகு உள்ளே ஓடினாள்.

"வாங்க. எழுந்திரிங்க. வழி திறந்தாச்சு."

அப்பாவைக் கைத்தாங்கலாக வாசல் வரை கொண்டுவந்தோம். கதவைத் திறந்தேன். சுவர் மறைத்துக்கொண்டிருந்த வெயில் பத்து வருஷத்துக்குப் பிறகு நேராக உள்ளே வந்தது. அவர் வலது கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தார். பாதை முடிகிற இடத்தில் சாயாக்கடை இல்லை. அதை வீடியோ காசெட் வாடகைக்கு விடுகிற கடையாக்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைக்காரர் இறந்துவிட்டதை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"நாணு ஏட்டன் இல்லையா?" என்றார்.

பின்னால் அமீனா ஒரு காகிதத்தில், தீர்ப்பு முழுமையாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதி, கையெழுத்துக்காக அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா போட்டாள்.

"நாலடி நடந்து பாருங்கப்பா" என்றேன்.

"எங்க போக?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கண்ணை மறைத்த கையை எடுக்காமலே, "கண்ணு கூசுது, கதவச் சாத்தும்மா" என்றார்.

சாத்தினேன்.